சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு கணக்கு

96, 92, 2,801. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் கிராம நிலத்தைப் பற்றிப் பேச இந்த மூன்று எண்களிலிருந்து தொடங்கலாம். மத்தியப் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் ஸ்வமித்வா திட்டத்தில் இங்கே 96 கிராமங்களின் குடியிருப்புப் பகுதிகளை ட்ரோன் கொண்டு அளந்தார்கள். அவற்றில் 92 கிராமங்களுக்குச் சொத்து அட்டை தயாரானது. அட்டைகளின் எண்ணிக்கை 2,801. 2025 ஜனவரி 18 அன்று பிரதமர் நாடு முழுவதும் 65 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை வழங்கினார். அப்போது வெளியான அரசு அறிக்கை, திட்டம் நிறைவெய்திய பகுதிகளில் புதுச்சேரியையும் சேர்த்தது. அரியானா, உத்தராகண்ட், கோவா, திரிபுரா, அந்தமான் ஆகியவை பட்டியலில் உள்ள மற்றவை.

இந்த மூன்றோடு நான்காவதாக ஓர் எண்ணையும் எழுத வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை. அந்த எண் 0. புதுச்சேரியிலும் காரைக்காலிலுமாக 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் 98 கிராமப் பஞ்சாயத்துகளும் இருக்கின்றன. அவற்றுக்கு 2006இல் தேர்தல் நடந்தது. 2011இல் பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகு பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தேர்தல் இல்லை. ஸ்வமித்வா தொடங்கியது 2020 ஏப்ரல் 24 அன்று. ஆகவே ட்ரோன்கள் நம் ஊர்களின் மேல் பறந்த காலத்தில், 98 பஞ்சாயத்துகளில் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் ஒருவர்கூடப் பதவியில் இல்லை. ஊராரின் ஒப்புதலை அடித்தளமாகக் கொண்ட ஓர் அளவைத் திட்டம், ஊரார் தேர்ந்தெடுத்த யாரும் இல்லாத இடத்தில் நிறைவெய்தியதாகக் கணக்கில் ஏறியிருக்கிறது.

ஊராரின் ஒப்புதல் அடித்தளம் என்று நான் சொல்வது திட்டத்தின் வழிமுறையிலேயே இருப்பதுதான். முதலில் கிராம சபையைக் கூட்டி விவரம் சொல்ல வேண்டும். அளவைக்கு முன் வீட்டுக்காரர்கள் தத்தம் மனையின் எல்லையில் சுண்ணாம்பால் கோடு போட வேண்டும். மேலிருந்து எடுக்கும் படத்தில் அந்த வெள்ளைக் கோடுதான் எல்லையாகத் தெரியும். பிறகு வரைபடத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்து, ஆட்சேபணை கேட்டு, தீர்த்து, அதன் பிறகே அட்டை அச்சிட வேண்டும். படத்தின் துல்லியம் 5 சென்டிமீட்டர். ஆனால் அந்தத் துல்லியம் கோடு எங்கே விழுந்திருக்கிறது என்பதைத்தான் சொல்லும். விழ வேண்டிய இடத்தில் விழுந்ததா என்பதை அடுத்த வீட்டுக்காரர்தான் சொல்ல முடியும். கோடு போடும்போது அவர் வாசலில் நின்றாரா, நின்றவர் கையெழுத்துப் போட்டாரா என்பதற்கு வெளியான எந்தப் பட்டியலிலும் ஒரு பத்தி இல்லை.

முதலில் அட்டைகளின் எண்ணிக்கையைப் பார்ப்போம். 2,801 அட்டைகளை 92 கிராமங்களுக்குப் பங்கிட்டால் கிராமத்துக்கு 30. நாடு முழுவதும் அந்தச் சமயத்தில் 1.53 லட்சம் கிராமங்களுக்கு 2.25 கோடி அட்டைகள் தயாராகியிருந்தன, கிராமத்துக்கு 147. நம்முடையது ஐந்தில் ஒரு பங்கு. இன்னொரு வகையிலும் பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி யூனியன் பிரதேசத்தின் 12,47,953 பேரில் கிராமப்புறத்தில் வாழ்ந்தவர்கள் 3,95,200 பேர். வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் 98,800 வீடுகள். 2,801 என்பது அதில் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை.

இது குறையா, நிறையா என்று எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. பட்டாவும் பத்திரமும் ஏற்கெனவே கைவசம் உள்ள வீடுகள் அதிகமாக இருக்கும் பிரதேசத்தில் புதிய அட்டை குறைவாகத் தேவைப்படுவது இயல்பு. 1967இல் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம், 1970இல் செட்டில்மென்ட் சட்டம், பிறகு ‘நிலமகள்’ என்ற பெயரில் கணினிப் பதிவு என்று இங்கே ஆவண வேலை பல படிகளைத் தாண்டியிருக்கிறது. ஆனால் பத்திரம் இருப்பதால் அட்டை வேண்டாதவர் யார், பத்திரமும் இல்லாமல் அட்டையும் கிடைக்காமல் விடுபட்டவர் யார் என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் தெருவுக்குத்தான் போக வேண்டும். மூன்று தலைமுறையாக ஒரே நத்தத்தில் குடியிருந்து, பாட்டன் பெயரில் ஒரு வரி ரசீதைத் தவிர வேறொன்றும் இல்லாத குடும்பம் எது என்பது அந்தத் தெருவுக்கு மனப்பாடம்.

அளவுக் கணக்குக்கு வருகிறேன். புதுச்சேரியில் நிலம் வாங்குபவர் இன்றும் குழியில்தான் பேசுகிறார். 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி, ஒரு குழி. நூறு குழி ஒரு காணி. பிரெஞ்சு ஆட்சி இதன்மேல் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்ற அளவுகளை வைத்தது. ஒரு குழிக்கு 53.51 சென்டியார், ஒரு காணிக்கு 53.51 ஆர், ஏக்கரில் சொன்னால் 1.32. பத்துக் குழி மனை வாங்கியவருக்குப் பத்திரத்தில் கிடைப்பது 0-05-35 என்ற எண். தரகர் அதையே 5,760 சதுர அடி என்பார். சொத்து விவரத்தில் பிரெஞ்சுக் கால நிலப் பதிவேட்டின் கதாஸ்தர் எண் ஒன்று, ரீசர்வே எண் இன்னொன்று, உட்பிரிவு எண், பட்டா எண் என்று வரிசையாக வரும். மனை ஒன்றுதான். அதற்கு இத்தனை அடையாளங்கள் இருப்பதில் தவறு இல்லை. ஒவ்வொன்றும் ஒரு காலத்து அரசு பொறுப்போடு செய்த வேலையின் தடயம். ஆனால் ஒரு மனையின் எல்லா எண்களும் ஒரே நிலத்தைத்தான் குறிக்கின்றனவா என்று சரிபார்க்க, அந்த நிலத்தைக் காலால் அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

இரண்டு குழி மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 32 அடிக்கு 36 அடி, மொத்தம் 1,152 சதுர அடி. சுற்றளவு 136 அடி, ஏறத்தாழ 41.5 மீட்டர். நான்கு பக்கமும் 5 சென்டிமீட்டர் தள்ளிப்போனால் 22 சதுர அடி மாறும். மனையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. இது ட்ரோனின் பிழை. இனிக் கோட்டின் பிழையைப் பார்ப்போம். 36 அடி நீளமுள்ள பக்கத்தில் சுண்ணாம்பை ஒரு முழம், அதாவது ஒன்றரை அடி, தள்ளிப் போட்டால் 54 சதுர அடி கைமாறிவிடும். ஒரே ஒரு பக்கத்தில் நடக்கும் மனிதப் பிழை, நான்கு பக்கத்திலும் சேர்த்துக் கருவி செய்யும் பிழையைப்போல் இரண்டரை மடங்கு. பணம் எல்லாம் சிறிய பிழையைக் குறைக்கப் போகிறது. பெரிய பிழையைத் தடுக்கக்கூடிய ஆளுக்கு ஒரு வேளைச் சோற்றுக்குக்கூட ஒதுக்கீடு இல்லை.

2,801 மனைகளும் இதே அளவில் இருப்பதாக வைத்தால் போட வேண்டிய கோட்டின் நீளம் 116 கிலோமீட்டர். புதுச்சேரியிலிருந்து காரைக்கால் போகும் சாலையில் பெரும்பகுதியை அது மூடிவிடும். அடுத்தடுத்த மனைகளுக்குப் பொதுச்சுவர் இருப்பதால் உண்மையில் இதில் பாதி, முக்கால் பங்கு என்று குறையலாம். அப்படியும் அது 60, 85 கிலோமீட்டர் நீளத்துக்குக் குனிந்து செய்ய வேண்டிய வேலை. இதற்கு யாருக்கும் கூலி கிடையாது.

கூலி போட்டுப் பார்க்கலாம். புதுச்சேரியில் நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டின் தினக்கூலி 336 ரூபாய். அட்டை பெறும் ஒவ்வொரு குடும்பமும் கோடு போட, நிற்க, சரிபார்க்க என எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு நாள் செலவிட்டதாக வைத்தால் 2,801 நாள், 9,41,136 ரூபாய். வேலை ஒழுங்காக நடக்க வேண்டுமானால் வீட்டுக்காரரும் நான்கு பக்கத்து அயலாரும் அரை நாளாவது நிற்க வேண்டும். ஐந்து பேர், அரை நாள். மனைக்கு இரண்டரை நாள், 840 ரூபாய். மொத்தம் 23,52,840 ரூபாய். ஒரே அயலார் இரண்டு மூன்று மனைகளுக்கு ஒரே காலையில் சாட்சி நிற்கலாம் என்பதால் உண்மையான தொகை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும்.

அரசின் செலவு என்ன? ஸ்வமித்வாவுக்கு ஒப்புதல் பெற்ற மொத்தத் தொகை 566.23 கோடி ரூபாய். திட்டமிட்டபோது இலக்கு 6.62 லட்சம் கிராமங்கள். கிராமத்துக்கு 8,553 ரூபாய். நம் 96 கிராமங்களுக்கு அந்தச் சராசரியில் 8.21 லட்சம். பிறகு இலக்கு 3.44 லட்சம் கிராமங்கள் என்றானது. மொத்தத் தொகையையும் அவற்றுக்கே வகுத்தால் கிராமத்துக்கு 16,460 ரூபாய், நமக்கு 15.8 லட்சம். மாநில அரசு ஊழியர்களின் சம்பளம் இதில் சேராது. இருந்தாலும் ஒப்பீடு தெளிவாகவே இருக்கிறது. ஊர் தர வேண்டிய உழைப்பை நூறு நாள் வேலைக் கூலியில் விலைபோட்டாலே, மத்திய அரசு போடும் பணத்துக்கு ஈடாகவோ அதைத் தாண்டியோ நிற்கிறது. அந்த உழைப்பு கணக்கில் எழுதப்படாத காரணத்தால் அது நடந்ததா என்று யாரும் கேட்பதில்லை. ட்ரோன் பறக்காமல் விட்ட கிராமம் அறிக்கையில் தெரியும். அயலார் வராமல் விட்ட மனை தெரியாது.

பதிவுத்துறையிலும் இதே நிலைதான். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரயத்தைப் பதியச் சொல்கிறது. எழுதிக்கொடுத்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் தாக்கல் செய்யச் சொல்கிறது. வில்லியனூரிலோ பாகூரிலோ சார்பதிவாளர் முன் நடைமுறையில் இரண்டு சாட்சிகள் போய் நிற்கிறார்கள். எழுதிக்கொடுப்பவர் இன்னார்தான் என்று சொல்வதுதான் அவர்கள் வேலை. நிலத்தின் நான்கெல்லை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும்: கிழக்கே இன்னார் மனை, மேற்கே இன்னார் தோட்டம், வடக்கே தெரு, தெற்கே வாய்க்கால். அந்த நான்கில் பெயர் சொல்லப்பட்டவர்களுக்குத் தங்கள் பெயர் அங்கே எழுதப்பட்டது தெரிய வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்துவதில்லை. எழுத்தர் பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதுகிறார். இறந்து முப்பது வருடம் ஆனவர்கள்கூட எல்லைக்காரர்களாகத் தொடர்கிறார்கள்.

இதே பாகூரில் ஒரு காலத்தில் வேறு வழக்கம் இருந்தது. பாகூர்ச் செப்பேடுகள் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டவை. பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்ட செய்தி அவற்றில் இருக்கிறது. அரசாணை வந்ததும் என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய பகுதி. நாட்டார், அதாவது அந்த வட்டாரத்து ஊர்க்காரர்கள், ஆணையைப் பெற்றுத் தலைமேல் வைத்து, நிலத்தின் எல்லையைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, பிறகு ஓலை எழுதினார்கள். கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று எல்லைகள் அதன் பின்தான் எழுத்தில் ஏறின. பல்லவர், சோழர் கால ஆவணங்களில் இந்த வரிசை திரும்பத் திரும்ப வருகிறது: ஆணை, நடை, கல், எழுத்து. நடந்து முடிக்காமல் எழுத்து இல்லை.

அந்த நாட்டார் சபையில் யார் யாருக்கு இடம் இருந்தது என்பதை மறந்து அதைப் பொற்காலம் என்று கொண்டாட நான் வரவில்லை. உழுதவர்களும் பெண்களும் அந்த நடையில் சாட்சிகளாக எண்ணப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எல்லையை ஊர் கூடி நடந்து தீர்மானிப்பது என்ற வேலைமுறை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் புதுச்சேரியின் சாவடி நீதிமன்றமும் தமிழர்களின் சொத்து வழக்குகளில் உள்ளூர் வழக்கத்தையும் உள்ளூர் மத்தியஸ்தர்களையும் கேட்டுத்தான் தீர்ப்பு எழுதியது. 1766 முதல் 1817 வரையிலான அதன் தீர்ப்புகள் இரண்டு தொகுதிகளாக அச்சில் இருக்கின்றன. 1854இல் பிரெஞ்சு அரசு, நிலவரி கட்டி வந்த பயிர்க்காரர்களை முழு உரிமையாளர்களாக ஏற்றது. காகிதத்தில் தனிமனித உரிமை உறுதியான அதே காலத்திலிருந்து, ஊர் சாட்சி சொல்லும் வேலை மெல்லமெல்ல எழுத்தரிடமும் அளவையாளரிடமும் போய்ச் சேர்ந்தது.

வாக்கு வழியான பங்கேற்பிலும் புதுச்சேரிக்கு ஒரு பெரிய எண் உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர், எதிராக 8 பேர். வாக்களித்தவர்களில் பெரும்பகுதியினர் கொம்யூன்களின் நகரசபை உறுப்பினர்கள். 1880ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணைப்படி அமைந்த உள்ளாட்சி அது. ஒரு பிரதேசத்தின் மண் எந்த நாட்டுக்கு உரியது என்பதை உள்ளாட்சி உறுப்பினர்கள் தீர்மானித்தார்கள். அந்த ஊர்களில் இன்று ஒரு வீட்டு மனை யாருக்கு உரியது என்று சாட்சி சொல்ல ஓர் உள்ளாட்சி உறுப்பினர் இல்லை. 1968க்குப் பிறகு 2006வரை 38 ஆண்டுகள் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. 2006இல் வந்த சபைகள் ஐந்தாண்டு இருந்தன. பிறகு மறுபடி வெற்றிடம். அரசியலமைப்பின் 11ஆவது அட்டவணை பஞ்சாயத்துகளுக்கு 29 பொறுப்புகளைச் சொல்கிறது; இரண்டாவது பொறுப்பே நிலச் சீர்திருத்தமும் நில ஒருங்கிணைப்பும்தான். அந்த இரண்டாம் வரியைச் செயல்படுத்த ஆள் இல்லாத பிரதேசத்தில் ஆணையரும் வட்டாட்சியரும் தங்களால் முடிந்ததைச் செய்கிறார்கள். அவர்கள் மாற்றலாகிப் போகும்போது ஊரின் நினைவை உடன் எடுத்துப்போக முடியாது, விட்டுச்செல்லவும் முடியாது.

புதுச்சேரிக்கென்று இரண்டு தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, நிலப்பரப்பு. புதுச்சேரிப் பகுதியின் 293 சதுர கிலோமீட்டரும் துண்டு துண்டாக விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்குள் செருகிக் கிடக்கிறது. மண்ணாடிப்பட்டிலும் பாகூரிலும் ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. ஸ்வமித்வாவில் புதுச்சேரி நிறைவு. தமிழ்நாடு சோதனைக் கட்டத்தோடு நின்றது. ஆகவே எல்லையோரத்தில் நம் பக்கத்துக்கு ஒரு வரைபடம், அயலார் பக்கத்துக்கு வேறொரு பதிவேடு, வேறொரு பதிவுக் கட்டணம். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. பெண்கள் பெயரில் 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை. வரப்பின் இரு பக்கத்திலும் ஒரே உறவுக்காரர்கள் பயிர் செய்கிறார்கள். இரண்டு அரசுகளின் வரைபடங்களும் ஒன்றையொன்று சந்திக்கும் ஒரே இடம் அவர்கள் தலைக்குள் இருக்கிறது.

இரண்டாவது, ஊரில் இல்லாத உரிமையாளர்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு முடிந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் தேர்ந்துகொண்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாரிசைச் சுற்றி வாழ்கிறார்கள். வீடும் வயலும் இங்கே இருக்கின்றன. ஒரே தெருவில் ஒரு குடும்பத்துக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி சொந்த வழக்கத்தைத் துறந்தவர்களின் வழிவந்த இன்னொரு குடும்பத்துக்குப் பிரெஞ்சு சிவில் சட்டம். அட்டையில் யார் பெயரை எழுதுவது என்ற கேள்விக்கு அளவையாளரிடம் விடை இருக்காது. அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள், எந்த மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்பதைத் தெரிந்த எதிர்வீட்டு அம்மாவிடம் இருக்கிறது. ஊரில் இல்லாதவரின் நிலம்தான் போலிப் பத்திரத்துக்கு முதல் இலக்கு. அவருக்காகச் சுண்ணாம்புக் கோடு போட ஆள் இல்லை; ஆட்சேபிக்கவும் ஆள் இல்லை.

ஊர் கூடி நிலத்தைப் பதிந்த பெரும் கணக்கு ஒன்று காரைக்காலுக்குத் தெற்கே இருக்கிறது. நாகப்பட்டினம் மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த மண்ணிலேயே தங்கிப் பணிசெய்த கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981இல் ‘லாஃப்டி’ என்ற உழுபவர் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலக்கிழாரையும் நிலமற்றவரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து விலை பேசினார்கள். வங்கிக் கடன் வாங்கி, நிலத்தைக் கூட்டாக வாங்கினார்கள். தொடக்கத்தில் வழிமறித்தவை இரண்டு: வங்கிகளின் தயக்கம், முத்திரைத் தீர்வையின் சுமை. 2007 வாக்கில் ஏறத்தாழ 13,000 ஏக்கர், ஏறத்தாழ 13,000 குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. குடும்பத்துக்கு ஓர் ஏக்கர், நம் அளவில் ஏறத்தாழ 76 குழி. பத்திரங்கள் பெண்கள் பெயரில் எழுதப்பட்டன. 2008இல் இருவருக்கும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. எனக்கு இதில் முக்கியம் விருதைவிட வேலைமுறை. யாருக்கு நிலம் என்பதைக் கிராமத்துப் பெண்கள் கூடியே பேசினார்கள். அதனால் ஒவ்வொரு பத்திரத்துக்கும் பின்னால் ஒரு தெரு சாட்சியாக நின்றது.

வெளிநாட்டுக் கணக்குகளில் இரண்டு நமக்குப் பயன்படும். எத்தியோப்பியா 1990களின் இறுதியிலிருந்து சில ஆண்டுகளில் சுமார் 60 லட்சம் குடும்பங்களின் ஏறத்தாழ 2 கோடி நிலத்துண்டுகளுக்குச் சான்று கொடுத்தது. கயிறும், அயலாரின் வாய்மொழியும், ஊரார் தேர்ந்தெடுத்த நிலக்குழுவும்தான் கருவிகள். துண்டுக்கு ஏறத்தாழ 1 டாலர் செலவானது. சில மாநிலங்களில் சான்றில் கணவன் மனைவி இருவரின் படமும் ஒட்டப்பட்டது. வரைபடம் இல்லாததால் பிறகு துல்லிய அளவைக்கு அவர்கள் மறுபடி உழைக்க வேண்டியிருந்தது. ஆனால் தகராறு பெரும்பாலும் முதல் சுற்றிலேயே தீர்ந்திருந்தது. ருவாண்டா 2009க்குப் பின் நான்கைந்து ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மனைகளைப் பதிந்தது. வானிலிருந்து எடுத்த படத்தை அச்சிட்டு, ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து, அயலார் முன்னிலையில் படத்தின்மேலேயே எல்லைக் கோட்டை வரைந்தார்கள். மனைக்கு 7 டாலருக்குள் முடிந்தது. பின்னால் நிலம் கைமாறியபோது மாற்றக் கட்டணம் அதிகம் என்று பலர் பதியாமல் விட்டதும் அங்கே நடந்தது. முதல் பதிவு மலிவாக இருந்து அடுத்த பதிவு கனமானால், புதிய பதிவேடு பத்தாண்டில் பழையதாகிவிடும். நம் ஊர்களிலும் பாகப்பிரிவினை செய்துகொண்டு பதியாமல் விட்ட குடும்பங்கள் எத்தனையோ. கட்டணமும் அலைச்சலும்தான் அவற்றுக்குக் காரணம்.

நம் யூனியன் பிரதேசத்துக்கே வேறொரு பாடமும் அருகில் இருக்கிறது. பிரதேசத்தின் ஒரு பகுதியான ஏனாமைச் சுற்றியுள்ள ஆந்திரத்தில், மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்புகளின் மேற்பார்வையில் உள்ளூர் இளைஞர்களைச் சட்ட உதவியாளர்களாகவும் சமூக அளவையாளர்களாகவும் 2000களில் பழக்கினார்கள். ஏழைகளின் நிலச் சிக்கல்களைப் பட்டியலிட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றது அவர்கள்தான். அளவைக் கல் எங்கே, பழைய பதிவேட்டில் யார் பெயர் என்று தேடும் வேலையைக் குழுப் பெண்கள் கேட்டு வாங்கினார்கள்.

இங்கே செய்ய வேண்டியதற்கு நான் போடும் கணக்கு இது. 98 கிராமப் பஞ்சாயத்துகளிலும் இரண்டு நாள். முதல் நாள் பதிவேட்டைத் தமிழில், குழிக் கணக்கோடு, தெரு வாரியாக உரக்கப் படிப்பது. இரண்டாம் நாள் ஆட்சேபணை வந்த மனைகளின் எல்லையை நடந்து பார்ப்பது. ஒவ்வொரு ஊரிலும் பத்துப் பேர், பாதிக்குமேல் பெண்கள், ஊரே பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்க வேண்டும். சும்மா வரச் சொல்லக் கூடாது. நாள் கூலி 336 தர வேண்டும். ஊருக்கு 6,720 ரூபாய், 98 ஊருக்கு 6,58,560 ரூபாய். கிராமப்புற மக்கள் தலைக்கு 1 ரூபாய் 67 காசு. ட்ரோனுக்கு ஊருக்கு 8,553 ஒதுக்க முடிந்த நாட்டில் இது பெரிய தொகை ஆகாது. தேர்தல் நடந்து தலைவர்கள் வந்தால் கூட்டத்தை அவர்கள் நடத்தட்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஊர்ப் பெரியவர்களும் சுயஉதவிக் குழுக்களும் கூட்டினால் வட்டாட்சியர் வந்து உட்கார்ந்து எழுதிக்கொள்ளத் தடை எதுவும் இல்லை.

படித்து முடித்த பட்டியல் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். இப்போதுள்ள பத்திகளோடு மூன்று பத்திகள் கூட வேண்டும். பரப்பு, ஹெக்டேர்-ஆர்-சென்டியாரிலும் குழியிலும். நான்கெல்லைக்காரர்களின் இன்றைய பெயரும், எல்லை நடந்த தேதியும், அவர்களின் கையெழுத்தும். உரிமையாளர் கணவரானால் மனைவியின் பெயர். இறந்தவரானால் மகள்கள் உட்பட எல்லா வாரிசுகளின் பெயரும், வெளிநாட்டில் இருந்தால் அந்தக் குறிப்பும். இந்த மூன்று பத்திகளும் நிரம்பிய மனைகளின் எண்ணிக்கையை, சொத்து அட்டைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.